தோலட்டையில் ஒரு பால்பல் தடம்

தலைமையேற்றுத் தமிழால் அவையை நிறைத்திருக்கும் வலியசாலை அனந்தபத்மநாபன் அவர்களே! முன்வரிசையை முகப்பொலிவால் விளக்கும் பெரியோர்களே! என்னைச் சுமந்து பெறாவிட்டாலும் என் பேச்சைச் சுமக்க வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையிலிருந்து முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசி தாசம்மாளே! சாலைக் கடைவீதியில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் இந்த ஞானையனின் அன்பு வணக்கம்.

புத்தகம் பழுதுபார்க்கும் வகுப்பின் இந்த நிறைவு விழாவில், இரும்பு விற்பவனுக்குப் புத்தகத் தோலட்டையோடு என்ன உறவு? என் வீட்டு வேதாகமம் பழைய தோலட்டை போட்டது. பல் முளைத்த பருவத்தில் அதன் கீழ்மூலையை என் மகள் ஜிஷா கடித்துவைத்தாள். ஊரெல்லாம் வேதத்தை வாசித்தது. என் மகள் ருசித்தாள்! சிரிக்கிறீர்கள். நானும் அன்று சிரித்தேன்.

இன்று அவள் கனடாவில், கைக்குழந்தையான மகனோடு. அங்கிருந்து கேட்டாள்: "அப்பா, மோனுக்கு ஞானஸ்நானம் வருது. நம்ம பைபிள் இங்க வேணும். எப்பம் அனுப்புவிய?"

முதுகு பிரிந்த புத்தகத்தை அனுப்பலாமா? இந்த வகுப்பில் சேர்ந்தேன். தோலை மெலிதாகச் சீவக் கற்றேன். மாவுப்பசை காய்ச்சக் கற்றேன். பழந்தோலுக்கடியில் புதுத்தோல் பொருத்தக் கற்றேன். முடிக்க மட்டும் கற்கவில்லை! ஒட்டியதைப் பிரித்தேன், பிரித்ததை ஒட்டினேன்.

வகுப்பெடுக்கும் ஷைலஜா டீச்சர் மலையாளம் கலந்து கேட்டார்: "எந்தா சாரே, இன்னும் தீர்ந்தில்லையா?"

எப்படி அம்மா தீரும்? தீர்ந்தால் புத்தகம் போகும். புத்தகத்தோடு பல்தடமும் போகும். மகள் இல்லாத வீட்டில் நான் விரலால் எதைத் தடவுவேன்? ஏங்குகிறேன் ஐயா! வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏங்குகிறேன்!

போன வாரம் அவளிடம் சொன்னேன்: "புதுசு போல ஆக்கி அனுப்புறேன் மக்ளே."

"அய்யோ அப்பா, நான் கடிச்ச மூலைய மூடிராதிய! அதத் தடவிப் பாக்கத்தானே கேக்கேன்."

கேட்டீர்களா? இங்கே ஒரு விரல் ஏங்கினால், அங்கேயும் ஒரு விரல் ஏங்குகிறது! அன்றே அமர்ந்தேன். முதுகைச் சேர்த்தேன், அட்டை மடியும் மூட்டைச் செம்மை செய்தேன், அந்த மூலையைத் தொடாமல் விட்டேன்.

இதோ, என் கையில் அந்தப் புத்தகம்! (கைதட்டாதீர்கள், கண் கலங்கிவிடும்.) நாளை விமானம் ஏறுகிறது. எதிர்மூலை நைந்திருந்தது, அங்கே புதுத்தோல் வைத்திருக்கிறேன். டீச்சர், உங்கள் பாடத்தில் இல்லாததைச் சொல்கிறேன், பொறுத்தருளுங்கள். அந்த மூலை என் பேரனுக்கு! வெறும் மாவுப்பசைதான், கடிக்கட்டும்!

ஒரு தகப்பனைப் பேசவிட்டுப் பொறுமையாகக் கேட்ட அத்தனை நெஞ்சங்களுக்கும் நன்றி. இன்னும் ஒன்றே ஒன்று. அவன் பால்பல் விழுமுன் அவனை நான் என் மடியில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். அப்படி நடக்க வாழ்த்துங்கள். வணக்கம்!