ஓர் ஆய்வேடு செம்மையான விதம்

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. விசாரணைக் குழு அதை முதலில் குறித்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழக நூலக மாடியில் உள்ள எழுத்து உதவி அறை என் பொறுப்பு. மாணவர்கள் கட்டுரையோடு வருவார்கள், நான் திருத்திக் கொடுப்பேன். ஏனோ யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. ஆள் வராத அறையை மூடிவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபட்ட சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

முதுகலை மாணவி. பேருந்து நிறுத்தங்களில் முதியவர்கள் ஏன் உட்காருவதில்லை என்பது அவளுடைய ஆய்வு. மேற்கோள் குறி பற்றி ஒரு சந்தேகம் கேட்கத்தான் வந்தாள். நான் முதல் பக்கத்தை வாங்கிப் படித்தேன். ‘இருக்கைகள் தாழ்வாக இருக்கின்றன. உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. அதனால் நிற்கிறார்கள்.’

பிழை ஒன்றுகூட இல்லை. திறந்த பேனாவைத் திரும்ப மூடினேன்.

“படிச்ச உடனே புரிஞ்சிடுதேம்மா,” என்றேன்.

“புரியக் கூடாதா சார்?”

“புரியலாம். கொஞ்சம் கஷ்டப்பட்டுப் புரியணும்.”

அதன்பின் வாராவாரம் வந்தாள். அந்த மூன்று வாக்கியங்களும் ஒன்றாயின: ‘முதியோரின் அமர்வுத் தயக்கமானது இருக்கை உயரக் குறைபாட்டின்பாற்பட்டதாகக் கருதப்படக்கூடும் எனத் தோன்றுகிறது.’ வருகைப் பதிவும் நிறைந்தது. அறையை மூடும் பேச்சு அடங்கியது. அது தற்செயல்.

ஒருநாள் கண் சிவந்து வந்தாள். “அண்ணனுக்கு ‘பால் வாங்கிட்டு வா’ன்னு மெசேஜ் அனுப்பக்கூட கை ஓட மாட்டேங்குது சார். எங்க மேடம் வேற, முன்னாடி எழுதினது புரிஞ்சுது, இப்ப தலையும் புரியல வாலும் புரியலங்கிறாங்க.”

பேராசிரியைக்கே புரியவில்லை என்றால் எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள். பாராட்டி அனுப்பினேன்.

ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள் மதியம், என்னிடம் வாங்கிய அகராதியைத் திருப்பித் தர வந்தாள். கையில் பைண்டு செய்த ஆய்வேடு. மாலைக்குள் கொடுத்துவிட்டால் நகர்த் திட்ட அலுவலகத்தில் வேலை உறுதி என்றாள். கீழே அண்ணன் வண்டியோடு நிற்கிறார் என்றும் சொன்னாள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் புரட்டினேன்.

‘இருக்கைகள் தாழ்வாக இருக்கின்றன.’

எல்லாவற்றையும் பழையபடி மாற்றியிருந்தாள். நான் கோபப்படவில்லை. எழுந்து கதவைப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தேன். கைபேசியை வெளியே தட்டில் வைத்துவிட்டு வருவது அறையின் விதி. கவனம் சிதறக் கூடாது அல்லவா?

“சார், கதவைத் திறங்க. ஆபீஸ் மூடிடுவாங்க.”

“அவசரத்துல எழுதினா நல்லா வராதும்மா. உட்காரு.”

அவள் உட்காரவில்லை. கதவைத் தட்டினாள். பின்பக்க ஜன்னல் வழியாகக் கத்தினாள். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று மட்டும் நினைவூட்டினேன். பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டே போனேன். கை வலித்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அவளுடைய அண்ணன் தேடிவந்து பூட்டை உடைத்தபோது பல்கலைக்கழக அலுவலகம் மூடியிருந்தது. அவர் என் சட்டையைப் பிடித்தார். அவள்தான் விலக்கினாள். “விடுண்ணா. இந்தாளுகிட்ட பேசி என்ன ஆகப்போகுது?” என்றாள். நான் கற்பித்த மரியாதை இல்லாவிட்டால் அடி விழுந்திருக்கும்.

அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் திருத்தி எழுத அவளுக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது.

ஆம், பூட்டியது நான்தான். தெரிந்தேதான் பூட்டினேன். குழு அவளுடைய புகாரை வாசித்துக் காட்டியது. ‘கதவைப் பூட்டினார். கத்தினேன். திறக்கவில்லை.’ இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிட்டது. தண்டனையை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குமுன் அந்தப் பெண்ணை ஒரு மணி நேரம் என்னிடம் அனுப்பிவையுங்கள்.