ஹாரன் அண்ணன் குரலுக்கு ஒதுக்கிய நிதி

அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அம்மையார் அவர்களே! பொது ஆய்வு நிதிக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களே! ஆய்வுக்கூடங்களிலேயே ஆயுளைக் கழித்து, வழுக்கை விழுந்த பின்னும் வாலிபம் வற்றாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் மூத்த தோழர்களே! வேலையையும் வீட்டையும் ஒருசேரச் சுமந்து, அதற்கு நடுவே இந்த அவைக்கும் வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் கதவோரம் நின்றாலும் முகம் வாடாத தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்கள் அனைவருக்கும் என் உள்ளத்தின் ஆழத்திலிருந்து வணக்கம்.

தலைவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஓய்வு பெற்றவர்களிடம் மைக்கைக் கொடுத்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு என்று சற்று முன்புதான் என் காதோடு சொன்னார். கவலைப்படாதீர்கள் அம்மா, கேட்டதும் கொடுத்துவிடுகிறேன். கேட்கும் விதமாகக் கேட்டால்!

எதற்காக இன்று இங்கே கூடியிருக்கிறோம்? மக்கள் தந்த வரியில் நடக்கும் ஆய்வுகளில் எதற்கு முதலிடம் என்று மக்களையே கேட்கக் கூடியிருக்கிறோம். எந்த மென்பொருளுக்கு? எந்தக் கருவிக்கு? எவருடைய கனவுக்கு? திட்டங்களை விளக்கத் திறமைசாலிகள் இருக்கிறார்கள். திரையில் படம் போட்டுக் காட்டுவார்கள். என்னிடம் படம் இல்லை. என்னிடம் இருப்பது ஒரு மனிதரின் கதை. அவரை நினைத்தால் அந்தக் காலமும் அந்த மாடியும் கண்முன் வந்து நின்றுவிடுகின்றன.

மூடிக் கிடந்த ஓர் அச்சகத்தின் மாடிதான் எங்கள் ஆய்வுக்கூடம். ஏறும்போதே பழைய மையின் வாசம் மூக்கைத் துளைக்கும். ஒலிப்பதிவு அறைக்கு எதிரொலி கூடாது. எதிரொலியைத் தடுக்கும் பலகை வாங்க எங்களிடம் வசதி இல்லை. என்ன செய்தோம்? ஆளுக்கொரு பழைய போர்வையை வீட்டிலிருந்து கொண்டு வந்து நான்கு சுவரிலும் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். நடுச் சுவரில் பெரிய பெரிய ரோஜாப் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்று. அது எங்கள் இயக்குநர் வீட்டிலிருந்து வந்தது. அது வந்த செய்தி அவர் மனைவிக்கு வெகுநாள் தெரியாது! பதிவு தொடங்கினால் மின்விசிறியை நிறுத்த வேண்டும், ஜன்னலைச் சாத்த வேண்டும். வியர்வை வழிய வழிய வார்த்தை சேர்ப்போம். எங்கோ ஒரு காகம் கரைந்தால் எல்லாம் பாழ், மறுபடி முதலிலிருந்து. அப்போதும் இயக்குநர் "பொறுங்க, பொறுங்க" என்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பொறுங்க சார்'.

அங்கே நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தோம். தண்ணீர் வரவில்லையா, மின்சாரம் போய்விட்டதா, பேருந்து எப்போது, மருத்துவர் இருக்கிறாரா, எதுவானாலும் தொலைபேசியில் வாயால் சொன்னால் போதும், வேலை நடக்க வேண்டும். அந்த நாளில் அலுவலகங்களில் இருந்த பேசும் இயந்திரங்களை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். செய்தி வாசிப்பவர் போலப் பேசினால் அவற்றுக்குப் புரியும்; சளி பிடித்திருந்தால் புரியாது. அங்கே ஒரு அம்மா தலையை ஆட்டுகிறார். பட்டவர் போலிருக்கிறது!

எங்கள் ஆய்வுக்கு விதவிதமான குரல்கள் தேவைப்பட்டன. எந்தக் குரலாக இருந்தாலும் வரலாம் என்று வாசலில் எழுதி ஒட்டினோம். பாடுகிறவர்கள் வந்தார்கள், பாடம் நடத்துகிறவர்கள் வந்தார்கள், பேசுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் தினமும் வந்தார்கள். ஒரு நாள் காலை ஒரு கணவனும் மனைவியும் படியேறி வந்தார்கள். அவர் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறினார். அந்த அம்மா தடியூன்றிப் பின்னால் வந்தார். கழுத்தில் அளவு நாடா. பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவர் 'டெய்லர் அக்கா'.

அவர் கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். அவர் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால் தூங்குகிற பயணியும் எழுந்து பையைத் தேடுவார். அவர் இருக்கும் வண்டிக்கு ஹாரன் எதற்கு என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்களாம். அப்படித்தான் 'ஹாரன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது; எங்களுக்கு அவர் 'ஹாரன் அண்ணன்'. அந்தக் குரலைத்தான் பக்கவாதம் வந்து பறித்திருந்தது. சொல் வரும், வந்த சொல் ஒன்றோடொன்று குழைந்து வரும். ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் அது புரியும். அவர் மனைவிக்கு.

ஒலிப்பதிவுக்கு நான்தான் பொறுப்பு. எதற்காக வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. அக்கா சொன்னார்:

"எந்தக் குரலா இருந்தாலும் வரலாம்னு எழுதி ஒட்டியிருக்கீங்களே, என் குரலும் சேருமான்னு கேக்கறாரு."

அதன் பிறகு அக்கா நடந்ததைச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் வீட்டில் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் ஆம்புலன்சுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். எடுத்தது ஓர் இயந்திரம். வீட்டு முகவரியைச் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், புரியவில்லை என்றது. மறுபடி சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும் என்று சொல்லி அதுவே இணைப்பைத் துண்டித்துவிட்டது. மீண்டும் அழைத்தார், மீண்டும் அதே மன்னிப்பு. கடைசியில் காலை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வந்திருக்கிறார். பிழைத்தார் அக்கா. ஆனால் அந்த நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது தன் வலியை அவர் சொல்லவே இல்லை. "தரையில கிடந்து பாத்துட்டே இருந்தேன்மா. அவரு போனப் புடிச்சுக்கிட்டு கெஞ்சினதத்தான் தாங்க முடியல" என்றார்.

பொறுங்க சார் எழுந்தார். மின்விசிறியை அவரே நிறுத்தினார். ஜன்னலை அவரே சாத்தினார்.

அன்று தொடங்கியது தோழர்களே, அந்த அறையின் பொற்காலம்! நாள்தோறும் ஹாரன் அண்ணன் வருவார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. முகவரி சொல்வார், கிழமை சொல்வார், மருந்தின் பெயர் சொல்வார். அலுத்துப்போனால் தன் பழைய வழித்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்வார். அப்போது மட்டும் முகத்தில் அந்தப் பழைய கம்பீரம் வந்து உட்காரும். அவரைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் வந்தார்கள். நாக்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆசிரியர் வந்தார். திக்கித் திக்கிப் பேசும் கல்லூரிப் பெண் வந்தாள். பிறவியிலேயே தசைகள் ஒத்துழைக்காத கணினி ஓவியர் சக்கர நாற்காலியில் வந்தார். நாங்களே நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினோம். போர்வை தொங்கிய அந்த அறையில் எத்தனை சிரிப்பு! எத்தனை சண்டை! மதியத்தில் எல்லோரும் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்தால் யார் யாருடையதைச் சாப்பிட்டார்கள் என்றே தெரியாது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் நிதி தீர்ந்தது. ஆய்வுக்காரர்கள் சிரிக்கிறார்கள். தெரியும், உங்கள் வீட்டுக் கதையும் இதுதான். நிதிக் குழுவிடம் விண்ணப்பித்தோம். கடைசிச் சுற்றில் இரண்டு திட்டங்கள் நின்றன. ஒன்று எங்களுடையது. மற்றது, புதிய அரசு மாளிகையின் வாசலில் நின்று வருவோரைப் பெயர் சொல்லி வரவேற்கும் பேசும் பொம்மை. வண்ணப் படத்தில் பார்த்தபோது எனக்கே அதன் மேல் ஆசை வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் ஒருவர் இதோ இரண்டாம் வரிசையில் என்னைப் பார்த்துக் கையசைக்கிறார். வணக்கம் நண்பரே! உங்கள் பொம்மை பின்னாளில் வந்தது, நன்றாகவே வரவேற்கிறது. இன்று வாசலில் எனக்கும் ஒரு வணக்கம் வைத்தது.

குழுவின் அறை நீளமானது. நீள மேசைக்கு அப்புறம் அவர்கள், இப்புறம் நாங்கள். நிதித் துறையிலிருந்து வந்திருந்த உறுப்பினர் நேராகக் கேட்டார்: இப்படிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? சிலருக்காக இவ்வளவா? நியாயமான கேள்விதான் அது. பொதுப் பணத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். சார் பொறுமையாகப் பதில் சொன்னார். நோய் வந்தால், வயது ஏறினால், பல் விழுந்தால், பயத்தில் நாக்கு உலர்ந்தால், ஆபத்து நேரத்தில் எல்லோர் பேச்சும் குழறும். அந்த நேரத்துக்குத்தான் இந்த ஆய்வு என்றார். உறுப்பினர் குறித்துக்கொண்டார். முகம் மாறவில்லை.

பயன்படுத்துபவர் யாராவது வந்திருக்கிறார்களா என்று குழுவின் தலைவர் கேட்டார். ஹாரன் அண்ணன் எழுந்து நின்றார். பேசினார். வழக்கம்போல அக்கா எடுத்துச் சொல்ல வாய் திறந்தார். அண்ணன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். மறுபடி பேசினார். மேசைக்கு அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் அருகே அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்தது அந்த வாக்கியம், ஆனால் எடுத்துச் சொல்ல முடியாது. அண்ணன் மூன்றாம் முறை சொன்னார். இப்போது நிதித் துறை உறுப்பினர் பேனாவை வைத்துவிட்டு மேசை மேல் சாய்ந்து, அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக அவரே திருப்பிச் சொன்னார்:

"அவ விழுந்தப்போ... எனக்குப் பேசத் தெரிஞ்சுது. கேக்கத்தான்... ஆள் இல்ல. சரியா?"

அண்ணன் தலையசைத்தார்.

உறுப்பினர் எங்கள் சார் பக்கம் திரும்பினார். "எனக்கே மூணாவது தடவைதான் புரிஞ்சுது. அந்த மெஷினுக்கும் கத்துக்கக் கொஞ்சம் நேரம் குடுங்கன்னு கேக்கறீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க" என்றார் சார்.

கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. ஆனால் கிடைத்தது. அந்த ஆண்டு வரிசையில் அண்ணனின் குரல் முதலிடத்தில் நின்றது.

இதோ, கை தட்டுகிறீர்கள்! பொறுங்கள், பொறுங்கள். நிதி வந்ததும் இயந்திரத்துக்கு ஞானம் வந்துவிடுமா? வரவில்லை! அண்ணன் தண்ணீர் என்றால் அது தபால் என்றது. மருத்துவமனை என்றால் மாநகராட்சி என்றது. சோர்ந்து போவோம், திருத்துவோம், மறுபடி தோற்போம். இப்படியே வருடங்கள் ஓடின. போர்வைகள் நைந்தன. திக்கித் திக்கிப் பேசிய பெண் படித்து முடித்து எங்கள் குழுவிலேயே சேர்ந்தாள்; கடைசியில் அவள் செய்த மாற்றம்தான் பலித்தது.

பலித்த அந்தப் பகல்! அண்ணன் சோதனைத் தொலைபேசியை எடுத்து அடுத்த பேருந்து எப்போது என்று கேட்டார். இயந்திரம் தயங்காமல் பதில் சொன்னது. அண்ணன் அடுத்த நிறுத்தத்துக்குக் கேட்டார். பதில் வந்தது. அதற்கடுத்த நிறுத்தம். அதற்கும் அடுத்தது. வழித்தடம் முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத் திரும்பவும் முதல் நிறுத்தத்துக்கு வந்தார். போதும் அண்ணே, எங்கே போகப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கயும் போகலம்மா. கேட்டா பதில் வருதுல்ல, அதான் கேக்கறாரு. விடு."

விட்டேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மென்பொருள் அலுவலகத் தொலைபேசிகளுக்குப் போனது. பிறகு கைப்பேசிக்கு வந்தது. அவர் குழறிச் சொல்வதைத் தெளிந்த குரலில் எதிரே இருப்பவருக்குச் சொன்னது. அண்ணன் தாமே காஸ் சிலிண்டருக்குச் சொன்னார், தாமே மருத்துவரிடம் நேரம் வாங்கினார், வெளியூரிலிருந்த மகளோடு தாமே சண்டை போட்டார். அதில்தான் அவருக்குப் பரம திருப்தி!

ஆய்வுக்கூடம் பெரிய கட்டடத்துக்கு இடம் மாறியது. பொறுங்க சார் காலமானார். டெய்லர் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. எங்கள் எல்லோர் மனத்திலும் ஒரே கவலை. கைப்பேசி இருந்தாலும், அக்கா இல்லாவிட்டால் இந்த மனிதருக்கு வாய் ஏது?

ஒரு காலை என் தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். அண்ணன். அந்தத் தெளிந்த குரலை நிறுத்திவிட்டு, தன் சொந்தக் குரலில் பேசினார். எத்தனையோ வருடம் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்ட குரல் அல்லவா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

"அவ போயிட்டாம்மா. காலையிலதான். எல்லாருக்கும் நானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அவர்தான் என்னைத் தேற்றினார். இன்னும் பலரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்தார். உறவுகளுக்கு, தையல் கடைக்கு வந்து போனவர்களுக்கு, பழைய பணிமனைத் தோழர்களுக்கு, அந்தக் கைப்பேசியின் துணையோடு ஒவ்வொருவராக அழைத்து, தன் மனைவி போன செய்தியைத் தன் வாயால் சொன்னார் அந்த மனிதர். வேறொருவர் சொல்லவில்லை. வேறொருவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்பு நிறைந்த பெரியோர்களே! ஆராய்ச்சி என்றால் என்ன என்று என்னை யாராவது கேட்டால் நான் அந்தத் தொலைபேசி அழைப்பைத்தான் சொல்வேன். விண்ணை அளக்கும் ஆய்வு வேண்டாமா? வேண்டும். வியக்க வைக்கும் கருவி வேண்டாமா? அதுவும் வேண்டும். ஆனால் வரிசை என்று ஒன்று வரும்போது, முதலிடம் யாருக்கு என்று முடிவு செய்யும்போது, உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. மருந்துச் சீட்டைப் படிக்க முடியாமல் அதை வெறித்துப் பார்க்கிற கண்ணை நினையுங்கள். திரையைத் தொடத் தொட நடுங்குகிற விரலை நினையுங்கள். சொன்னதையே சொல்லிச் சொல்லி, மன்னிக்கவும் என்ற பதிலையே கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோகிற நாக்கை நினையுங்கள். அவர்கள் கேட்பது சலுகையா? அவர்கள் கேட்பது தயவா? அவர்களும் தந்த வரியில் நடக்கிற ஆய்வு, அவர்கள் வீட்டுக் கதவையும் தட்டட்டும்! அவர்கள் சமையலறைக்கும் வரட்டும்! அவர்கள் சொல்லையும் ஒரு முறை, இரு முறை, புரிகிறவரை கேட்கட்டும்!

உங்கள் வாக்குச் சீட்டில் நீங்கள் எந்தத் திட்டத்தைக் குறித்தாலும் அது உங்கள் உரிமை. குறிப்பதற்கு முன் அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவரை நிறுத்தி, இதனால் யார் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்துகொள்வார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் ஒரு மனிதரைக் காட்டினால், அந்தத் திட்டத்துக்கே உங்கள் வாக்கைக் கொடுங்கள்.

என் பழங்கதைக்குப் பொறுமையாகச் செவி கொடுத்த உங்களுக்கும், கடிகாரத்தைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்த தலைவர் அம்மையாருக்கும், என் தொண்டைக்கு இவ்வளவு நேரம் துணை நின்ற ஒலியமைப்பாளருக்கும் நன்றி கூறி, இனிப் பேச வேண்டியவர்கள் நீங்கள் என்று சொல்லி, மைக்கை உங்கள் பக்கம் திருப்பி வைத்து அமர்கிறேன். வணக்கம்.