மொட்டை மாடியில் ஒரு பக்கெட் சேறு

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் ஷேர் ஆட்டோ. எதிரில் இரண்டு பேர், ஒரே கன்டெய்னர் யார்டின் காவலாளிச் சட்டையில்.

“மொட்ட மாடில பக்கெட்டு நெறைய சேறு கொட்டி, நாத்து நடக் கத்துக்கினு கீறேன்,” என்றார் மீசைக்காரர். நான் கையிலிருந்த போனை அணைத்துவிட்டேன்.

“இன்னாத்துக்கு மாமு?” என்றார் மற்றவர்.

“பட்டாளத்துல என்கூட இருந்த தோஸ்து, பொன்னேரிப் பக்கம் விவசாயி வூட்டுப் புள்ள, எல்லைல செத்துட்டான்னு சொன்னேனே. போன வருஷம் அவங்க நெலத்துல நடப் போனேன். ரொம்ப ஆழமா அமுக்கிட்டேன். அவங்கம்மா நான் நட்டத மொத்தமா புடுங்கி, திரும்ப நட்டாங்க.”

“அந்தம்மாக்கு ரெட்ட வேல. வுட்டுட வேண்டியதுதான?”

“அவன் நட்டதையும் வருஷா வருஷம் அப்டித்தான் புடுங்குவாங்களாம். கடசியா லீவுல வந்தப்போ, ‘அடுத்த வாட்டி ஒண்ணுகூட நீ புடுங்க மாட்ட, பாரு’ன்னு அவங்கம்மாகிட்ட சொல்ட்டுப் போய்க்கீறான்.”

எர்ணாவூரில் ஆட்டோ நின்றது. மீசைக்காரர் இறங்கி, குனிந்து உள்ளே பார்த்தார்.

“அந்த அடுத்த வாட்டி, வர்ற வெள்ளிக்கெழம. என் ட்யூட்டிய நீ பாத்துக்கோ.”