வாடை நின்ற பிறகு

நல்ல செப்டிக் டேங்க் இருக்கிற வீட்டில் செப்டிக் டேங்க் பற்றிய பேச்சே எழாது. எங்கள் வீட்டிலும் பல வருடம் அப்படித்தான் இருந்தது ஐயா. நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் இருக்கின்றன. கழிவைத் தின்று கரைப்பது அவைதான். ஆசிட் ஊற்றினால் செத்துப்போகும். எண்ணெய் ஊற்றினால் மேலே ஆடை கட்டும். ஈர டிஷ்யூ போட்டால் அது மட்கவே மட்காது; வெளியேறும் குழாயின் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். இதில் புரியாதது என்ன இருக்கிறது? என் மனைவிக்குப் புரிந்தது. அவள் தம்பிக்குத்தான் புரியவில்லை.

வேலை போய், நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். அந்த நாலு நாள் இரண்டு மழைக்காலம் நீண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நல்ல பையன்தான். கலகலப்பாகப் பேசுவான், அக்காவுக்குப் பாத்திரம் கழுவிக் கொடுப்பான், கழுவுமுன் வாணலி எண்ணெயை அப்படியே சிங்க்கில் கவிழ்ப்பான். கழிவறை பளபளக்க வாரம் தவறாமல் ஆசிட் ஊற்றுவான். போதாததற்கு அந்த டிஷ்யூ.

"பாக்கெட்லயே ஃப்ளஷ் பண்ணலாம்னு போட்டிருக்கான் மாமா."

"போட்டவன் வந்து அள்ளுவானா?"

"சரி மாமா, சரி மாமா" என்பான். மறுநாளும் அதே கதைதான். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மனைவியிடம் சொன்னால், "ஒரு பேப்பருக்கா பையன இந்தப் பாடு படுத்துறீங்க?" என்று எனக்கே பாடம் நடத்துவாள். எரிச்சல் மண்டைக்கு ஏறும். நான் கட்டிய வீட்டில் என் பேச்சு செல்லாக்காசாகிவிட்டது.

என் மேலதிகாரி குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்த நாளில், குளியலறைத் தரையின் துவாரம் வழியாக எல்லாம் மேலே வந்தது. அவர்கள் பார்க்க, நான் வாளியும் துடைப்பமுமாகக் குனிந்து நின்றேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, அசடு வழிந்த சிரிப்புதான். ஆனாலும் சிரித்தான்.

மறுநாள் காலை லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போனது. அடியில் கெட்டிச் சேறும், குழாய் வாயை அடைத்த டிஷ்யூ மூட்டையும் அப்படியே நின்றன. "உள்ள எல்லாம் எறங்க மாட்டோம் சார். மேல நின்னே கொக்கி போட்டு இழுக்கற ஆள நாளைக்கு அனுப்பறேன்" என்றார் டிரைவர். சரி என்றேன். நான் அவசரக்காரன் இல்லை.

அவன்தான் முன்வந்தான். "நான் போட்டதுதானே மாமா. நானே எடுத்துடறேன்."

நான் அவனை இறங்கச் சொல்லவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். ஏணியைக் கொண்டுவந்தது மட்டும்தான் நான். 'உள்ளே இறங்காதீர்' என்று நானே எழுதி மூடியில் மாட்டிய பலகையைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தேன். எழுத்து ஏன் சுவர்ப் பக்கம் இருந்தது என்று கேட்டீர்கள். வெயில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.

அவன் இறங்கினான். இழுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று நான் மேலே நின்று நீளக் கம்பால் சேற்றைக் கிளறிக் கொடுத்தேன். கிளறினால் அடைந்து கிடக்கும் வாயு வெளியே வரும். முதலில் அழுகிய முட்டை வாடை குடலைப் புரட்டும். வாயு ஏற ஏற மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை நின்றால்தான் பயப்பட வேண்டும். தொட்டி வைத்திருக்கிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எனக்குத் தெரியும்.

"மொதல்ல கொமட்டிச்சு மாமா" என்றான் கீழேயிருந்து. "இப்ப நாத்தமே தெரியல."

"பழகிடுச்சுப்பா" என்றேன். கம்பை நிறுத்தவில்லை.

ஒரு கொத்து டிஷ்யூவைப் பிடுங்கி உயர்த்திக் காட்டினான். சந்தோஷமாகத்தான் காட்டினான். பிறகு அந்தக் கை தொங்கியது. "மாமா" என்றான். ஏணி அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை மேலே இழுத்துக்கொண்டேன்.

மூடியைப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். வேலை விஷயமாக வெளியே போயிருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அவன் தட்டை மூடி வைத்துக் காத்திருந்தாள். மறுநாள் கொக்கியோடு வந்த ஆள் மூடியைத் திறந்தார்.

இப்போது உங்கள் முன்னாலேயே அவள் என்னிடம் கேட்டாளே, அவன் கூப்பிட்டானா என்று. கூப்பிட்டான். நானும் சும்மா இருக்கவில்லை. மூடியைப் போடுமுன் குனிந்து, "இப்பவாவது புரிஞ்சுதா?" என்று கேட்டேன். காத்திருந்தேன். புரிந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏணியை இறக்கியிருப்பேன். என் பேச்சை மதிக்கிற பழக்கம் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை.