நாற்பத்து நாலு பல்

சரளை ரோட்டில் ஓட்ட சைக்கிள் கட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் அதைக் குறை சொல்வதில்லை. நிறம் முடிந்தால் டயர், டயர் முடிந்தால் ஹேண்டில்பார். பல்சக்கரத்தைப் பற்றிக் கடைசியில், கதவைத் திறந்துகொண்டே கேட்பார்கள். சைக்கிளின் உயிரே அங்கேதான் இருக்கிறது. முன்னால் சின்னதும் பின்னால் பெரியதுமாகப் போட்டால் எந்த மேடும் லேசாக ஏறும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மிதிக்கும் நெஞ்சு பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். டாயில் அன்ரூவின் சைக்கிளில் ஒரு திருகுகூடத் தளர்ந்திருக்கவில்லை. உங்கள் போலீஸ் ஆட்கள் அதை மூன்று நாள் பிரித்துப் பார்த்தார்களாம். பார்க்கட்டும். பிரேக் தொட்டால் நிற்கும். எங்கள் கான்சாஸ் மேடுகளில் சிக்கிமுக்கிக் கல் டயரைக் கத்தியாய்க் கிழிக்கும். நான் போட்டுக் கொடுத்த டயரில் ஒரு கீறல் இல்லை. வேலையில் நான் யாருக்கும் துரோகம் செய்ததில்லை.

டாயிலும் நானும் ஊர்க்காரர்கள் சிலரோடு இருபத்திரண்டு வருஷமாகச் சனிக்கிழமைக் காலைகளில் சேர்ந்து ஓட்டினோம். கடைசியாக டீட்டர் மேடு வரும். உச்சியில் மாடு தாண்டாமலிருக்க ரோட்டின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்திருப்பார்கள். முதலில் அதைக் கடகடவென்று தாண்டுகிறவன் ஜெயித்தவன். வழியில் கால் ஊன்றி இறங்கியவன் காபிக் கடையில் எல்லோருக்கும் பீச் பழம் வைத்துச் சுட்ட பை பலகாரம் வாங்கித் தர வேண்டும். இருபத்திரண்டு வருஷமும் டாயில்தான் முதலில் தாண்டினான். ஒரே ஒரு சனிக்கிழமைகூட விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வந்த நான் தின்றதெல்லாம் அவன் கிளப்பிய புழுதி. மேலே நின்றுகொண்டு, "வாடா ஆர்லன், உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்பான். அன்போடுதான் சொல்வான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருஷம் ஜனவரியில் அவனுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். ஏப்ரலில் மறுபடி வந்தான். டீட்டர் மேட்டடியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். அன்றைக்கு முதல்முறையாகக் கம்பியை நான் முதலில் தாண்டினேன். திரும்பிப் பார்த்தால் ஆசாமி பாதி மேட்டில் நின்று புல்லில் ஏதோ குருவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேலே வந்ததும் நான் எப்படி ஏறினேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் எல்லோருக்கும் பை வாங்கிக் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்கள். தோற்றும் அவன்தான் அந்த மேசையில் பெரியவன். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை எரிந்தது என்றுதானே சொல்ல வேண்டும்.

இந்த வசந்தத்தில் கடைக்கு வந்து புது சைக்கிள் கேட்டான். அவன் மனைவி மார்வாவும் வந்திருந்தாள். இதய டாக்டர் எழுதிக் கொடுத்த தாளை மேசையில் வைத்தாள். நாடித் துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக் கூடாது.

"ஆர்லன், இவர் என் பேச்சைக் கேக்க மாட்டார், நீங்க சொன்னாத்தான் கேப்பார்" என்றாள். "பாத்துக் கட்டிக் குடுங்க."

டாயில் தலையைச் சொறிந்தான். "மெதுவாவே ஏறுறேன்டா. ஆனா ஏறணும். தள்ளிக்கிட்டு நடக்கறது என்னமோ போல இருக்கு."

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது. பழைய டாயில் உள்ளேதான் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டேன்.

வேலைச் சீட்டில் முன்னால் முப்பது பல், பின்னால் ஐம்பது என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அது சரியான கணக்கு. அவனைப் போன்றவனுக்கு அதைத்தான் போட வேண்டும். மிதிக்கு நாலடி நகரும், பேசிக்கொண்டே ஏறலாம். நான் போட்டது முன்னால் நாற்பத்து நாலு, பின்னால் முப்பத்து நாலு. மிதிக்கு ஒன்பதடி. இருபது வயதுப் பந்தயக்காரன்கூட டீட்டர் மேட்டில் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மிதிப்பான்.

அவனுக்குத் தெரியாமலா? தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தான்.

"என்னடா இது, கல்லு மாதிரி இருக்கு?"

"நீ கேட்டது ஆகஸ்ட் வரைக்கும் வராதாம். வந்ததும் மாத்தித் தரேன். அதுவரைக்கும் இது ஆகாதுன்னா சொல்லு, பேத்திக்கு வாங்கின மூணு சக்கர வண்டி ஒண்ணு வீட்ல சும்மாதான் கிடக்கு."

சிரித்தான். காதுமடல் மட்டும் சிவந்துபோனது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆகஸ்ட் என்றது பொய். அவனுக்கு வந்த முப்பதும் ஐம்பதும் என் சைக்கிளில் இருப்பதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். நல்ல சாமான் பெட்டியில் கிடந்து வீணாவானேன் என்று மாட்டினேன்.

ஜூன் இரண்டாவது சனிக்கிழமை. மற்றவர்கள் முன்னாலேயே மேட்டைத் தாண்டிக் காபிக் கடைக்குப் போய்விட்டார்கள். மேட்டடியில் நாங்கள் இரண்டு பேர்தான். "இன்னைக்கும் பை உன் கணக்குதானே?" என்றேன். அவன் குனிந்து மிதிக்கத் தொடங்கினான். பிறகு நான் ஒன்றும் பேசவில்லை. அவன் பக்கத்திலேயே, என் முன்சக்கரம் அவனுடையதைவிட அரைச் சக்கரம் மட்டும் முன்னால் இருக்கும்படி ஓட்டினேன். அவன் எட்டிப் பிடித்தால் மறுபடி அரைச் சக்கரம். சேர்ந்து ஓட்டுகிறவர்களில் ரோஷக்காரனைக் கொல்ல இது போதும் என்று எங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்வோம்.

மணிக்கட்டில் அவன் கடிகாரம் கூவத் தொடங்கியது. நூற்றிருபது தாண்டிவிட்டது என்று அர்த்தம். அவனுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அவன் இறங்கியிருக்கலாம். நான் கையைப் பிடித்து யாரையும் தடுக்கவில்லை. அவனாகத்தான் பெடல் மேல் எழுந்து நின்றான். எழுந்து நின்று, அந்த நாற்பத்து நாலு பல்லை வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனான். அவனுடைய லேசான கியர் என்னிடம் இருந்தது. அப்படியும் தாண்டினான்.

உச்சிக்கு நாற்பது அடி இருக்கும்போது இடதுபக்கப் புல்லில் சாய்ந்தான். சைக்கிளும் கூடவே சாய்ந்தது. கடிகாரம் மட்டும் கூவிக்கொண்டிருந்தது.

நான் அவனைக் கடந்து மேலே போனேன். அந்த மேட்டில் உச்சிக்குப் போனால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். ஊர் முழுக்க அதைத்தான் சொன்னேன், ஊரும் நம்பியது. அடக்கத்துக்கு மறுநாள் மார்வா வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க, மனசை வருத்திக்காதீங்க" என்றாள். நான் வருத்திக்கொள்ளவில்லை. மனசில் வேறு எதுவும் தோன்றவும் இல்லை. சனிக்கிழமைகளில் தனியாக ஓட்டுகிறேன், தனியாகவே கம்பியைத் தாண்டுகிறேன். அந்தக் கடகட சத்தத்தில் ஒன்றுமே இல்லை. இனி எத்தனை வருஷம் தாண்டினாலும் அதில் ஒன்றும் இருக்கப் போவதில்லை.

உங்கள் கையிலிருக்கும் தாள்கள் சரிதான். என் சைக்கிளின் மீட்டர் 8.46க்குக் கம்பியைத் தாண்டியதாகச் சொல்கிறது. ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தது 8.52. நடுவில் ஆறு நிமிஷம். அதைத்தானே சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள்.

போன் கையில்தான் இருந்தது. சிக்னலும் இருந்தது. அவனுக்கு மூச்சு இருந்தது. அங்கிருந்தே முதுகு ஏறி இறங்குவது தெரிந்தது. நான் அவனைச் சாகடிக்க நினைத்தவனில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "வாடா டாயில், உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்று கூப்பிட்டேன். நான் முதலில் வந்ததை அவன் ஒருதரம் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும், உடனே போன் செய்திருப்பேன்.