கம்பைநல்லூரில் விட்ட சொட்டு மருந்து

— அந்த ஒகேனக்கல் காவேரி மேல ஆணையாச் சொல்றேன் தங்கம்மா, நான் அழுவல. இனிமே சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா என் நாக்கு அழுவிப் போவட்டும். மொதல்ல அந்தத் துண்டக் குடு.

— துண்டு எங்கயும் ஓடிப்போவாதுங்க. எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்த மனுசன் இன்னும் ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு நில்லுங்க. வூட்டுக்குள்ள அப்பறமா வரலாம்.

— மார்கழிக் குளுருல, கொல்லையில, ஈர வேட்டியோட நிக்க வெச்சு விசாரணையா?

— என் தம்பி மவன் மதியழகன் செல்லுல ஸ்டேட்டஸ் வெச்சிருக்கான். ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு. ஐஸ் பொட்டியில கம்பைநல்லூரு புளி மண்டி பெரியம்மா படுத்திருக்குது. தலமாட்டுல என்னக் கட்டுன சென்றாயன் நிக்கறாரு. கண்ணுல தாரதாரையாக் கொட்டுது.

— அது மருந்து. சட்டைய நனைக்க எடுத்தியே, பையில பாட்டில் இருந்துச்சில்ல? அதான். கண்ணு காஞ்சு போச்சுன்னு தருமபுரி டாக்டர் எழுதிக் குடுத்தாரு. செயற்கைக் கண்ணீராம் அது.

— கண்ணீர மெடிக்கல்ல விக்கறாங்களா?

— தண்ணியவே பாட்டில்ல விக்கறான். இதுக்கென்ன?

— சரிங்க. அப்பறம்?

— அப்பறம் என்ன. உனக்குச் சொன்னா பயந்துக்குவியேன்னு சொல்லல. பென்னாகரம் பஸ்ஸுல ஒரு வாட்டி கண்ண மூடித் தொறந்தேன். கிரீச்சுன்னு சத்தம். டிரைவரு பிரேக் போச்சுன்னு வண்டிய ஓரங்கட்டி அடியில படுத்துப் பாத்தாரு. அன்னிக்கு அத்தன சனமும் லேட்டு.

— சரிங்க.

— போன மாசம் ஒரு கொசு இந்தக் கண்ணுக்குள்ள விழுந்துச்சு. அடுத்தவங்களுக்கா இருந்தா செத்து மெதந்திருக்கும். என் கண்ணுல எறங்கி, சுத்திப் பாத்துட்டு, நடந்தே வெளிய வந்துச்சு.

— டாக்டர் என்னங்க பண்ணாரு?

— கண்ணோரத்துல ஒரு தாளு வெச்சாரு. எவ்வளவு நனையுதுன்னு பாக்கறதுக்கு. வெளிய போய் டீ குடிச்சுட்டு வந்து எடுத்துப் பாக்கறாரு, மொடமொடன்னு அப்படியே இருக்குது. அந்தத் தாளுலயேதான் மருந்து எழுதிக் குடுத்தாரு.

— இத்தன வறண்ட கண்ணு, எழவு வூட்டுல மட்டும் எப்படிங்க ஒகேனக்கல்லா கொட்டுச்சு?

— ஊதுவத்திப் பொகை. உறுத்துச்சுன்னு மருந்து வுட்டேன். கை தவறி ரெண்டு சொட்டு கூட விழுந்துடுச்சு.

— அந்த வீடியோவுல ரெண்டு கையிலயும் மாலை இருக்குது.

— அதுக்கு முன்னாடியே வுட்டுட்டேன். நல்ல மருந்து தங்கம்மா. நின்னு பேசும்.

— அதுல உதடு வேற துடிக்குதே, ஏன்?

— கண்ணுல வுட்டா தொண்டையில எறங்குமே. கசந்துச்சு. நீ ஒரு சொட்டு வுட்டுப் பாரு, உனக்கும் துடிக்கும்.

— எங்க ஆத்தா செத்தன்னிக்குக் கல்லாட்டம் குந்தியிருந்தீங்க.

— அன்னிக்கு இந்த மருந்து வாங்கல.

— உங்க ஆத்தா செத்தன்னிக்கும் அப்படித்தான்.

— காஞ்ச கண்ணுல எங்கருந்து வரும்? நீயே சாட்சி சொல்ற, நீயே சந்தேகப்படற.

— புளி சீசன் மூணு மாசங்க. நீங்க பன்னண்டு மாசமும் கம்பைநல்லூருக்கு பஸ் ஏறினீங்க.

— வெலை விசாரிக்கணுமில்ல?

— ஆடி மாசத்துல மரத்துல பிஞ்சு கூட இல்ல. எதுக்குங்க வெலை?

— மரத்துக்கு ஒரு தெம்பா இருக்கும்னு.

— சிரிக்காதீங்க. ஊரே அந்த ஸ்டேட்டஸ பாத்திருக்கும். அவளுக பேசறத நான் தாங்கிக்குவேன். எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தப் பெரியம்மா உங்களுக்கு யாரு?

— மண்டிக்காரி. புளி குடுத்தா எடை போடுவா. எடையில ஏமாத்தாத பொம்பள. மண்டியில மோரு குடுப்பா. அவ்வளவுதான்.

— மோரு.

— மோருதான். உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

— உப்பு ஞாபகம் இருக்குது. சரிங்க. நாளைக்கு நான் செத்துப் போனா அழுவீங்களா?

— உனக்குன்னு தனியா ஒரு பாட்டில் வாங்கி வெக்கறேன்.

— வெப்பீங்க. நீங்க வெப்பீங்க.

— பல்லு கிட்டிக்குது தங்கம்மா. காவேரி மேல சத்தியம் பண்ணிட்டேன். இன்னும் எது மேல பண்ணணும்? இந்தக் கொல்லையில நிக்கிற முருங்க மரத்து மேலயா?

— ஒண்ணும் வேணாம். இந்தாங்க துண்டு. தலைய நல்லாத் தொவட்டுங்க. கண்ணு ரெண்டும் ரத்தமாச் செவந்து கெடக்குது.

— நான்தான் சொன்னேனே. வறட்சி.

— கூடவே குடும்பம் நடத்தறவ கிட்ட மறைக்கலாமாங்க? டாக்டருகிட்ட நானும் வந்திருப்பேன். இந்தக் கல்லு மேல குந்துங்க. அண்ணாந்து பாருங்க, நானே மருந்து வுடறேன்.

— வேணாம் வேணாம். இன்னிக்கு அளவு முடிஞ்சிடுச்சு.

— இப்பத்தான் அத்தன தண்ணி ஊத்திக்கிட்டீங்க, இருந்ததெல்லாம் போயிருக்கும். அசையாதீங்க.

— உனக்கு வுடத் தெரியாது. அத இப்படிக் குடு. தங்கம்மா, மூடியத் திருவாத...

— ஏங்க... இதோட சீலே இப்பத்தாங்க உடையுது.