மெட்ராஸ் தண்ணியா, டெல்லித் தண்ணியா?

திருவொத்தியூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு நகமெல்லாம் நீலம். கைலிக்குச் சாயம் போடுகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர்தான் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"பாய், எம் பட்டறைத் தண்ணி மெட்ராஸ் சர்க்காருக்கு சொந்தமா, டெல்லி சர்க்காருக்கா?"

"இன்னா நைனா, தண்ணி மேல பேரா எழுதிகீது?"

"சாயத் தண்ணியத் தேக்காதே, காவாயில வுடுன்னு முனிசிபாலிட்டி நோட்டீசு. அந்தக் காவா ரயில்வே நெலத்துக்குள்ள பூந்து போவுது. இங்க வுட்டா பட்டறையப் பூட்டுவேன்னு ரயில்வேக்காரங்க நோட்டீசு, அது டெல்லி சர்க்காரு."

"அப்ப தண்ணி எங்கதான் போவும்?"

"அதான் பேஜாரு. போன வாரம் ரயில்வே ஆபீசரு பாட்டில்ல சாம்பிள் கேட்டாரு. சாயத் தண்ணியக் குடுத்தா மாட்டிக்குவேன். கெணத்துத் தண்ணிய ரொப்பிக் குடுத்துட்டேன்."

"பலே ஆளுய்யா நீ!"

"எங்க? மனுசன் வாயில வைக்க லாயக்கில்லேன்னு எழுதிட்டாங்க. நாளைக்குப் பூட்டு போட வராங்க."

பாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "யாரு கெணறுப்பா அது?"

"உன் டீக்கடைக் கெணறுதான், பாய். உண்மையச் சொல்லிட்டா என் பட்டறை தப்பிக்குமா?"

பாய் சிரிப்பை நிறுத்தினார். காலையில் எந்தக் கடையில் டீ குடித்தோம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

"வாயத் தொறக்காதே, நைனா," என்றார் பாய், குரலை இறக்கி. "அது சாயத் தண்ணிதான்னே ஒத்துக்கோ. பட்டறை மூடினா மூடட்டும். தெனம் உனக்கு டீ நான் தரேன்."

"அந்தத் தண்ணியிலயா?"